68,000 ரூபாய்க் கமராவும் இலவசத் தோல் பையும்

திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லி என்ற ஊரிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். உயர்தரம் முடித்துவிட்டு நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாராம். சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில் கமரா வாங்கப் போகிறார். கடிதத்தின் முக்கியமான பகுதி இது:

“உப்புவெளியில் ஒரு அண்ணா வெளிநாடு போகிறார். தன்னுடைய கேனான் 1200டி கமராவை 18-55 லென்ஸுடன் 68,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். ஆறு வருசம் பைக்குள்ளேயே இருந்ததாம், பாவித்ததே இல்லையாம், புதிது மாதிரியாம். தோல் பையும் இலவசம். கிண்ணியாவில் ஒரு நானா நிக்கான் டி3200 கமராவை, அதுவும் 18-55 லென்ஸுடன், 60,000 ரூபாய்க்கு விற்கிறார். அவர் கலியாணவீடுகளுக்குப் படம் எடுத்தவர், அதனால் தேய்ந்து போயிருக்கும் என்று அப்பா பயப்படுகிறார். எதை வாங்கலாம்? போய்ப் பார்க்கும்போது என்னத்தைப் பார்க்க வேண்டும்? போனே நல்ல படம் எடுக்கிறதே, இது எதற்கு என்று தம்பி கேட்கிறான். வைகாசியில் மச்சாளின் சாமத்தியவீடு வருகிறது. அதை நானே எடுத்துக் கொடுத்து இந்தக் காசில் கொஞ்சத்தை மீட்கலாமா?”

தங்கச்சி, ‘ஆறு வருசம் பைக்குள்ளேயே இருந்தது’ என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அந்த அண்ணா அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே இருந்தால்தான் எனக்குப் பயம்.

திருகோணமலை நகரத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே உள்துறைமுகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். ஐப்பசியில் வாடை தொடங்கினால் தை பிறக்கும்வரை வீட்டுச் சுவர் வேர்க்கும், அலுமாரிக்குள் வைத்த உடுப்பில் மணம் வரும். அந்த அலுமாரிக்குள்ளே, மூடிய தோல் பைக்குள்ளே, இருட்டில் ஒரு லென்ஸ் ஆறு மாரி கிடந்திருக்கிறது. காற்றில் ஈரப்பதன் 60, 65 வீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் கண்ணாடியில் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். அதற்குத் தேவையானது ஈரமும் இருட்டும் அசையாத காற்றும்தான். தோல் பை மூன்றையும் கொடுக்கும்.

நானே இதில் அடிபட்டவன். ஸ்டூடியோ தொடங்கிய புதிதில் காசு சேர்த்து ஒரு நல்ல லென்ஸ் வாங்கி, கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பது போல அதைத் தோல் உறையில் போட்டு, பூச்சி உருண்டை இரண்டும் பக்கத்தில் வைத்து, அலுமாரியின் மேல் தட்டில் பூட்டி வைத்தேன். மாரி முழுக்க வேலை இல்லை, எடுக்கவே இல்லை. மாசியில் எடுத்து யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய வெள்ளை நூல்கள். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. வெளியே இருந்தால்தானே துடைக்க. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் இருந்தது. அதே காலத்தில் ஒரு வேலை விடாமல் தோளில் தொங்கிக் கொண்டு, வெயிலும் காற்றும் பட்டு, மூலை எல்லாம் பெயின்ட் உரிந்த என் மற்ற லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் அப்பாவிடம் சொல்லுங்கள், கிண்ணியா நானாவின் கமரா கலியாணவீட்டுக்குப் போனது என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட வேண்டாம். ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் கதவு, தேயும் என்பது உண்மை. ஆனால் டி3200 கமராவின் ஷட்டரை 100,000 தடவைக்குச் சோதித்ததாக நிக்கானே சொல்லியிருக்கிறது. அதில் எத்தனை போயிருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். நிக்கான் ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் அந்த எண்ணிக்கையை எழுதி வைக்கிறது. ஒரு படத்தை உங்கள் மெமரி காட்டில் எடுத்துக் கொண்டுவந்து, படத் தகவலைக் காட்டும் ஏதாவது ஒரு மென்பொருளில் போட்டால் தெரியும். 30,000, 40,000 என்றால் யோசிக்கவே வேண்டாம். 90,000 தாண்டியிருந்தால் விலையைப் பற்றிக் கதைக்கலாம். அந்த எண்ணிக்கையைத் தொட்ட உடனே ஷட்டர் செத்துவிடும் என்றும் இல்லை.

கேனான் 1200டி அந்த எண்ணிக்கையைப் படத்துக்குள் எழுதாது. கேபிள் போட்டுக் கணினியில் இணைத்துத்தான் எடுக்க வேண்டும். ‘படத்தின் நம்பரைப் பாருங்கள், 2,300 தான்’ என்று யாராவது காட்டினால் நம்பிவிடாதீர்கள். 9999க்குப் பிறகு அது திரும்ப 0001 ஆகிவிடும்.

சரி, இரண்டில் எது நல்ல கமரா? டி3200 வந்தது 2012இல், 24 மெகாபிக்சல். 1200டி வந்தது 2014இல், 18 மெகாபிக்சல். மெகாபிக்சலை மறந்துவிடுங்கள், 18 என்பதே பெரிய சுவர்ப்படம் அடிக்கக் காணும். இருண்ட இடத்தை வெளிச்சமாக்கி எடுப்பதில் நிக்கானின் சென்சர், அதாவது படத்தைப் பதியும் சில்லு, கொஞ்சம் கெட்டி. வெளியே இருந்து மைக் பொருத்தும் துளையும் நிக்கானில் உண்டு, 1200டியில் இல்லை. கேனானுக்கு இருக்கும் பலம் லென்ஸ். ஈஎஃப் என்று போட்ட எந்தப் பழைய லென்ஸைக் கொண்டுவந்து மாட்டினாலும் அது தானாகவே ஃபோகஸ் செய்யும். டி3200 உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் ஒவ்வொரு தடவையும் கையால் திருப்ப வேண்டும். பின்னால் வந்த ஏஎஃப்-பி வகையும் டி3200 கமராவில் ஃபோகஸ் ஆகாது. ஆகவே கிண்ணியாவில் முதலில் லென்ஸின் மேல் எழுதியிருப்பதை வாசியுங்கள், ஏஎஃப்-எஸ் என்று இருக்க வேண்டும்.

இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் நான் கேனானை எடுப்பேன், பின்னால் வாங்கப் போகும் லென்ஸுக்காக. ஆனால் ஒரே நிலையில் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இனிப் பார்க்கப் போகிற கதை. பகலில் போங்கள், ஒரு மணித்தியாலம் ஒதுக்கிக் கொண்டு போங்கள். வெறும் மெமரி காட் ஒன்று, சின்ன டோர்ச் ஒன்று, அன்றைய வீரகேசரியோ தினக்குரலோ ஒன்று. இவ்வளவும் போதும். தம்பியையும் கூட்டிக் கொண்டு போங்கள், அவன் கதை கொடுத்துக் கொண்டிருக்க நீங்கள் ஆறுதலாகப் பார்க்கலாம்.

லென்ஸைக் கழற்றச் சொல்லுங்கள். முன் மூடியும் பின் மூடியும் இல்லாமல் கையில் எடுத்து, பின்பக்கத்தால் டோர்ச் அடித்து முன்பக்கத்தால் சரித்துச் சரித்துப் பாருங்கள். நேரே பார்த்தால் தெரியாது, சரித்தால்தான் தெரியும். நாலைந்து தூசு இருந்தால் விடுங்கள், எந்த லென்ஸிலும் இருக்கும், படத்தில் வராது. நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் அதுதான் பூஞ்சணம். கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியது போல மங்கலாக இருந்தால் அதுவும் கெட்ட அடையாளம். வெயிலுக்கு எதிரே எடுக்கும் படம் எல்லாம் வெளிறிப் போகும். அப்புறம் சூம் வளையத்தைக் காதோடு வைத்துத் திருப்புங்கள். நறநற என்று மணல் சத்தம் கேட்டால் அந்த லென்ஸ் எங்கள் கடற்கரையில் விழுந்து எழும்பியது என்று அர்த்தம்.

அடுத்தது, பலர் பார்க்காமல் விடுகிற ஒரு இடம். லென்ஸுக்குள் இருக்கும் கருவிழி, அதாவது வெளிச்சம் போகும் துளையைத் திறந்து மூடும் அப்பர்ச்சர் தகடுகள். எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். கேனான் கமராவோடு சேர்த்து விற்கும் 18-55 கிட் லென்ஸை நீட்டிச் சுருக்கும்போது உள்ளே ஒரு மெல்லிய ரிப்பன் வயரும் சேர்ந்து மடிந்து விரியும். வருடக்கணக்கில் மடிந்தால் ஒரு நாள் வெடித்துவிடும். எனக்கு அது நடந்தது ஒரு கலியாணவீட்டில். கையில் இருந்தது இரண்டாம் கையாக வாங்கிய ஒரு கிட் லென்ஸ். ஹோலுக்குள் வெளிச்சம் குறைவு, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்துத்தான் எடுத்தேன். மணவறை, தாலிகட்டு, ஆசீர்வாதம், எல்லாம் வந்தது. வெளியே முற்றத்தில் ஐம்பது பேரை நிறுத்தி குடும்பப் படம். வெயில் நல்லாக இருக்கிறதே என்று எஃப் 8 வைத்து அமத்தினேன். லென்ஸுடன் தொடர்பு சரியில்லை என்று திரையில் எழுத்து வந்தது, கமரா செத்த மாதிரி நின்றது. கழற்றித் துடைத்து மாட்டினேன். திரும்பவும் அதே. மாப்பிள்ளையின் பெரியப்பா நேரத்தைப் பார்க்கிறார், பிள்ளைகள் வெயிலில் அழத் தொடங்கிவிட்டன. கடைசியில் எனக்கு விளங்கியது: தகடுகள் முழுக்கத் திறந்த நிலையில் அசையத் தேவையில்லை, எஃப் 8க்கு மூடப் போனால்தான் அறுந்த வயர் அகப்படுகிறது. திரும்பவும் முழுக்கத் திறந்து, ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுத்து முடித்தேன். பின் வரிசையில் நின்ற இரண்டு மாமாக்கள் கொஞ்சம் மங்கல். இன்றைக்கும் அந்த வீட்டுச் சுவரில் அந்தப் படம் தொங்குகிறது, நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அதனால் நீங்கள் இதைச் செய்யுங்கள். கேனானின் மேல் வட்டில் ஏவி, நிக்கானில் ஏ, அப்பர்ச்சரை நீங்களே தெரிவு செய்யும் நிலை. அதில் வைத்து எஃப் 11க்குத் திருப்புங்கள். லென்ஸை 18இல் வைத்து ஒரு படம், 24, 35, 45, 55 என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு படம். பிறகு மெதுவாகச் சூம் செய்துகொண்டே தொடர்ந்து அமத்துங்கள். ஒரு தடவை பிழை காட்டினாலும் லென்ஸ் வேண்டாம்.

பிறகு மேசையில் பேப்பரை விரித்து, சாய்வாக நின்று, நடு ஃபோகஸ் புள்ளியை ஒரு தலைப்பில் வைத்து முழுக்கத் திறந்த அப்பர்ச்சரில் எடுங்கள். திரையில் பெரிதாக்கினால் நீங்கள் வைத்த தலைப்புத்தான் கூர்மையாக இருக்க வேண்டும். அதற்கு முன்னே உள்ள வரியோ பின்னே உள்ள வரியோ கூர்மையாக வந்தால் ஃபோகஸ் தள்ளி விழுகிறது. இந்த இரண்டு கமராவிலும் அதை மெனுவில் திருத்த வசதி இல்லை.

வானத்தை எஃப் 22இல் ஒரு படம். அதில் கரும் புள்ளிகள் தெரிந்தால் சென்சரில் தூசு, அது சுத்தம் செய்யக் கூடிய விசயம், விலை குறைக்க ஒரு சாட்டு, அவ்வளவுதான். லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு, ஃபோகஸைக் கைக்கு மாற்றி, 10 செக்கன் திறந்து ஒரு படம். சிவப்பு, நீலப் புள்ளி ஓரிரண்டு இருந்தால் பரவாயில்லை, கார்த்திகை விளக்கு மாதிரி முழுக்க மின்னினால் வேண்டாம். பாப்-அப் ஃபிளாஷ் எழும்புகிறதா, ஒவ்வொரு பட்டனும் வேலை செய்கிறதா, பற்றரி வீங்காமல் இலகுவாக வெளியே வருகிறதா என்று பாருங்கள். 1200டிக்கு எல்பி-இ10 பற்றரி, 860 எம்ஏஎச். அதைவிடப் பெரிய எண் எழுதிய மலிவுப் பற்றரி இருந்தால் அது கேனானுடையது அல்ல. புதுப் பற்றரிக்கு ஆகும் காசை விலையிலிருந்து கழியுங்கள்.

கண் வைத்துப் பார்க்கும் துவாரம் மங்கலாக இருந்தால் உடனே பயப்படாதீர்கள். அதன் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், கண்ணாடி போடுபவர்களுக்காக வைத்தது. அதைத் திருப்பினால் உள்ளே உள்ள எழுத்துக் கூர்மையாகும். ‘கமரா பழுது, மங்கலாகத் தெரியுது’ என்று என்னிடம் கொண்டுவந்த ஒருவருக்கு நான் அந்தச் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் சின்னப் பிள்ளை நோண்டியிருக்கிறது. அவர் அதைப் பாதி விலைக்கு விற்க நினைத்திருந்தார்.

லென்ஸில் பூஞ்சணம் இருந்து கமரா நல்லாக இருந்தால்? கமராவை மட்டும் கேளுங்கள். அந்த லென்ஸை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள், உங்கள் மற்றச் சாமானோடு அதை ஒரு பெட்டியில் வைக்கவும் கூடாது. வேறு ஒரு 18-55 இரண்டாம் கையாகத் தேடுவது கஷ்டம் இல்லை.

தம்பியின் கேள்விக்கு வருவோம். பகல் வெளிச்சத்தில் கடற்கரையில் நின்று எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்குப் போன் போதும், அவன் சொல்வது சரி. வித்தியாசம் பொழுது சாய்ந்த பிறகு தெரியும், ஆளை எடுக்கும்போது தெரியும். இந்தக் கமராக்களின் சென்சர் ஏறக்குறைய 22 மில்லிமீற்றருக்கு 15. போனில் இருப்பது அதில் ஒரு துண்டு. ஆனால் ஒன்று, கிட் லென்ஸோடு மட்டும் இருந்தால் அந்த வித்தியாசமும் அரைவாசிதான் கிடைக்கும். 55இல் அது எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதனால் 68,000 ரூபாயையும் கமராவுக்கே கொடுத்து முடிக்காமல், அந்த 50க்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். ஹோட்டலுக்கு வரும் வெள்ளைக்காரர் நீலத்திமிங்கிலம் எடுக்கப் பெரிய லென்ஸ் கொண்டு வருவதைப் பார்த்து ஆசை வரும். வந்தால், கையில் இருப்பது கேனான் என்றால், 55-250 ஐஎஸ் தேடுங்கள். மலிவாகக் கிடைக்கிற 75-300இல் நடுக்கம் தடுக்கும் வசதி இல்லாத வகைதான் அதிகம், ஆடுகிற படகில் அதை வைத்துக் கொண்டு என்ன செய்வது.

வாங்கிய பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை படம் எடுப்பது அல்ல, அதற்கு ஒரு வீடு கட்டுவது. காற்றுப் புகாத மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, ரப்பர் வளையம் போட்ட மூடியாக இருக்க வேண்டும். உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறுகிற வகை. செம்மஞ்சள் மணி பச்சையானால், அல்லது நீல மணி இளஞ்சிவப்பானால், ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். பழைய சட்டியில் போட்டு மெல்லிய நெருப்பில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும். சமைக்கிற சட்டியில் செய்யாதீர்கள், அம்மாவிடம் நான் ஏச்சு வாங்க வேண்டி வரும். ஈரப்பதன் காட்டும் சின்ன மீற்றர் ஒன்றும் உள்ளே போட்டு 40க்கும் 50க்கும் நடுவில் வைத்திருந்தால் நல்லது. அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அரிசித் தூள் சூம் வளையத்துக்குள் போய் நிற்கும், வேண்டாம். பெட்டியை விட நல்ல மருந்து கிழமைக்கு ஒருக்கா வெளியே எடுத்துப் பாவிப்பதுதான்.

கடற்கரைக்குப் போகும்போது லென்ஸைக் கழற்றி மாட்டும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், முக்கியமாக வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசும் நேரம். வந்த உடனே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளியுடம்பைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். உப்பு காய்ந்தால் அரிக்கும். முன் கண்ணாடியை மட்டும் அந்தத் துணியால் தொடக்கூடாது, அதற்கு ஊதும் பந்தும் தனித் துணியும். உங்களுக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கிறது, ஹோட்டல் ஏசி. அங்கே நாள் முழுக்கக் குளிர்ந்த கமராவை வெளியே கொண்டுவந்து உடனே திறந்தால் கண்ணாடி எல்லாம் வேர்த்துவிடும். உள்ளேயே பையை மூடி, வெளியே வந்து அரை மணித்தியாலம் அப்படியே விடுங்கள்.

எடுக்கத் தொடங்கும்போது பச்சை நிறத்தில் உள்ள ஓட்டோ நிலையில் ஒரு கிழமைக்கு மேல் நிற்காதீர்கள். ஏவியில் பழகுங்கள். காட்சிக்கு எஃப் 8, ஆளுக்கு முழுக்கத் திறந்து. பல ஃபோகஸ் புள்ளிகளில் எது எரியும் என்று கமரா தீர்மானிக்க விடாமல் நடுப் புள்ளியை மட்டும் வைத்து, கண்ணில் குறி வைத்து, பட்டனைப் பாதி அமத்திப் பிடித்துக் கொண்டு, சட்டகத்தைச் சரிப்படுத்தி எடுங்கள். 1200டியில் உள்ள ஒன்பதில் நடுப் புள்ளிதான் மற்ற எட்டையும் விட நம்பகமானது.

அப்புறம் வெள்ளை. கமராவுக்கு உலகம் முழுக்கச் சாம்பல் நிறம் என்று நினைப்பு. சல்லி மணலையோ வெள்ளை வேட்டி கட்டின ஐயரையோ எடுத்தால் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், படம் இருண்டு வரும். கூட்டல் கழித்தல் போட்ட பட்டனை அமத்தி ஒன்று கூட்டுங்கள், வேட்டி வேட்டியாகும். கோணேசர் கோயிலடியில் கறுத்தப் பாறையை எடுக்கும்போது அதற்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் குறைக்க வேண்டும். அங்கே விடியற்காலை போங்கள், சூரியன் கடலுக்குள்ளால் வரும். மான்களும் அந்த நேரம்தான் கோட்டைக்குள் ஆறுதலாக மேயும். மாலையில் உள்துறைமுகப் பக்கம் போனால் சூரியன் தண்ணீருக்கு மேல் விழும். இரண்டையும் ஒரே நாளில் சைக்கிளில் போய் எடுக்கிற வசதி எல்லா ஊருக்கும் இல்லை. கோயில் மூலஸ்தானத்தையும் படையினர் இருக்கும் பகுதியையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

மச்சாளின் சாமத்தியவீடு. காசுக்கு எடுக்காதீர்கள் தங்கச்சி, இந்த வைகாசியில் வேண்டாம். திறமை இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு கமரா, ஒரு லென்ஸ், ஒரு மெமரி காட், ஒரு பற்றரியுடன் திரும்ப நடக்காத ஒரு சடங்குக்குப் பொறுப்பெடுக்கக் கூடாது. அந்த முற்றத்தில் எனக்கு நடந்தது உங்களுக்கு நடந்தால், மாமி உங்களோடு எத்தனை வருசம் கதைக்காமல் இருப்பார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அவர்கள் பிடிக்கிற படப்பிடிப்பாளரிடம் முதலே கேட்டுவிட்டு, அவருக்குக் குறுக்கே போகாமல் பக்கத்தில் நின்று எடுங்கள். அவர் மேடையைப் பார்த்துக்கொள்வார். நீங்கள் குசினியில் பலகாரத் தட்டு அடுக்குகிற அம்மம்மாவை, அலங்காரம் முடிந்து கண்ணாடி பார்க்கிற மச்சாளை எடுங்கள். வெளிச்சம் பிடிக்கும் திறனைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 1600 வைக்கப் பயப்பட வேண்டாம், ஷட்டர் வேகம் 1/125 செக்கனுக்குக் கீழே போகாமல் பாருங்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரர் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால், அப்போது விலை சொல்லலாம்.

எனவே முதலில் கிண்ணியா. எண்ணிக்கை நியாயமாக இருந்து, எஃப் 11 சோதனையில் பிழை காட்டாமல், லென்ஸும் தெளிவாக இருந்தால் 60,000 சொன்னதை 54, 55க்குக் கேட்டுப் பாருங்கள். அது சரிவராவிட்டால் உப்புவெளி. அங்கே டோர்ச் அடிக்காமல் ஒரு ரூபாயும் முற்பணம் கொடுக்க வேண்டாம், நாளைக்கு பிளைட் என்று அவர் அவசரப்படுத்தினாலும். லென்ஸ் தெளிவாக இருந்தால் என் பயம் பிழை, சந்தோசமாக வாங்குங்கள். பெட்டியில் உள்ள தொடர் இலக்கமும் கமராவின் அடியில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்த்து, விற்றதாக ஒரு துண்டில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தோல் பையை மட்டும் அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். கமராவைத் துவாயில் சுற்றிக் கொண்டு வந்தாலும் பரவாயில்லை.